கழிக்காத சூடு

நிலக்கரியின் சூட்டை அளப்பது என் வேலை. அதில் இருக்கும் கந்தகத்தை அளப்பது அவர் வேலை. இந்த வயசில் உனக்கு எப்படி மாப்பிள்ளை கிடைத்தான் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இவ்வளவுதான். அதற்கு மேல் துருவினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

வட சீனாவில், தாதோங் நகரத்துக்கு மேற்கே, மலைச் சரிவில் இருக்கிறது எங்கள் சுரங்க ஊர். கரியைச் சோதிக்கிற கூடத்தில் என்னுடைய அறைக்கு ஒரு கதவு உண்டு. ஆனால் வேலை நடக்கும்போது அதைத் திறக்கக் கூடாது. துளிக் கரித்தூளை எஃகுக் குண்டுக்குள் வைத்து, ஆக்சிஜனை அடைத்து, தண்ணீருக்குள் இறக்கிக் கொளுத்துவேன். தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. யாராவது கதவைத் திறந்து ஒரு மூச்சுக் குளிர்காற்றை உள்ளே விட்டால் போதும், எண் கெட்டுவிடும். மேலாளரையே நான் வெளியில் நிற்க வைத்திருக்கிறேன்.

ஆனால் கந்தகத்தின் எண் வராமல் என் எண் முடியாது. குண்டுக்குள் எரிகிற கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும்போது கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தரும். வீட்டு அடுப்பிலோ கொதிகலனிலோ அந்தச் சூடு கிடைக்காது. அங்கே கந்தகம் நாற்றமாகப் புகைபோக்கி வழியே போய்விடும். ஆகவே அந்தச் சூட்டை நான் கழித்துவிட வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதை அவர் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் ஹாவ் யோங்தே. எல்லோரும் லாவ் ஹாவ் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என் கதவைத் திறக்க முடியாது என்பதால் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணை விரலால் காட்டுவார். எங்கள் பக்கம் சந்தையில் முட்டைக்கோசு விற்பவர்கூட ஒற்றைக் கையாலேயே எல்லா எண்ணையும் காட்டிவிடுவார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்தால் ஆறு, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விரிந்தால் எட்டு. பூஜ்யத்துக்கு அவர் முஷ்டியை மூடுவார். புள்ளிக்கு மட்டும் விரல் கிடையாது. அதற்கு லாவ் ஹாவ் ஒரு கண்ணை மூடித் திறப்பார். முஷ்டி, கண், ஆறு. பூஜ்யம் புள்ளி ஆறு. நான் தலையை ஆட்டிவிட்டுக் கழித்துக்கொள்வேன்.

கரியை அரைத்துத் தருகிற ஃபெங்சியன் இதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"அக்கா, அந்த ஆளு ஒன்னப் பாத்துக் கண்ணடிக்கிறாரு."

"அது புள்ளிடி."

"இத்தன வருஷமா வெறும் புள்ளிதானா? அடுத்த எண்ணு எப்பதான் வரும்?"

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். கையைத் தூக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். உள்ளே குண்டில் சோதனைக் கரி எரிந்துகொண்டிருந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். அந்த எண் கெட்டுப்போனது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு அதில் துளி வருத்தமில்லை.

எங்கள் கல்யாணப் பேச்சை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சுரங்கத்தின் மேல் அடுக்குக் கரியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். இப்போது அந்த அடுக்கும் தீர்ந்துவிட்டது, அவருடைய நுரையீரலும் கல்தூசியால் பாதி அடைபட்டுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும், மூக்கில் குழாய் இருக்கும். கூடத்தில் கரிக்கு ஆக்சிஜன், வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் என்று என் பிழைப்பே அந்தக் காற்றோடுதான் என ஃபெங்சியன் கேலி செய்வாள்.

"ஆளு யாரு?" என்று கேட்டார் அப்பா.

"கந்தகம் பாக்குறவரு."

"நாறுமே."

"குளிச்சா நாறாதுப்பா."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க வெகுநேரமானது. தண்ணீர் குடித்துவிட்டு, "கோபுரத்துக்குக் கரி இருக்கு. நீ அதப் பத்திக் கவலப்படாத" என்றார்.

எங்கள் ஊரில் தீக்கோபுரம் இல்லாமல் கல்யாணம் இல்லை. கரிக்கட்டிகளை வட்டமாக அடுக்கி, உள்ளே விறகு வைத்து, மேலே சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொளுத்துவோம். மணமக்கள் அதைச் சுற்றி வர வேண்டும். முறைப்படி மணமகன் வீட்டு வாசலில்தான் அது எரியும். லாவ் ஹாவுக்கு அப்பா அம்மா இல்லை. விடுதி அறையில் குடியிருந்தார், அதற்குத் தனி வாசல் கிடையாது. அதனால் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் எல்லாம் என்று முடிவானது. வீட்டோடு மாப்பிள்ளை என்று பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்பா சொன்ன கரி முற்றத்துக் கொட்டகையில் கம்பளிப் போர்வைக்குக் கீழே இருந்தது. அது அம்மா அடுக்கியது. நான் பிறந்ததிலிருந்தே அப்பா சுரங்கத்தில் பொன்கண் உள்ள கட்டி எதைப் பார்த்தாலும் மேலே கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். பொன்கண் என்றால் கரிக்குள் நரம்பாகவும் உருண்டையாகவும் ஓடுகிற மஞ்சள் மினுக்கம். அந்தக் கட்டிகள் கனமாக இருக்கும். கனமான கரி நல்ல கரி, பொன்கண் உள்ள கரி பலத்த தீ தரும் என்பது எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பெண் பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லாம் இப்படி ஓர் அடுக்கு இருந்தது. மற்ற பெண்கள் நேரத்தோடு கல்யாணம் செய்துகொண்டார்கள், அவர்கள் அடுக்குகள் எரிந்துபோயின. என்னுடையது மட்டும் கிடந்தது. அடுக்குக்கு அடங்காத சில்லுகளை அம்மா சமையலுக்கு எரிப்பாள். தீக்குச்சி கிழித்ததுபோல் சமையலறை நாறும். "தங்கத்தோட வாசனடி" என்பாள். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பா அந்தப் போர்வையை வருடாவருடம் வெயிலில் உதறி மறுபடி போர்த்துவாரே தவிர, ஒரு கட்டியைக்கூட இடம் மாற்றியதில்லை.

நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். கட்டிகளின் மேல் துருவும் வெள்ளை உப்பும் படிந்திருந்தன. இது என் தொழில் புத்தி, கரியைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. நாலைந்து கட்டிகளிலிருந்து கொஞ்சம் உடைத்துக் கொண்டுபோய் ஃபெங்சியனிடம் கொடுத்தேன்.

மதியம் லாவ் ஹாவ் கண்ணாடிக்கு வந்தார். நாலு விரல். கண். ஒரு விரல்.

நாலு புள்ளி ஒன்றா? விளையாடுகிறார் என்று முறைத்தேன். அவர் திரும்பவும் காட்டினார். நாலு, கண், ஒன்று. முகத்தில் விளையாட்டு இல்லை. அந்த எண்ணுக்குரியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என் எண் கிலோவுக்கு ஐயாயிரத்து இருநூறு கிலோகலோரியைக்கூடத் தாண்டவில்லை. மேல் அடுக்குக் கரி ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து நான் பார்த்ததே கிடையாது. கீழ் அடுக்கிலிருந்து இப்போது வருகிற மட்டக் கரி அளவுக்குத்தான் என் அம்மாவின் அடுக்கு இருந்தது.

தெரியாத விஷயமா எனக்கு? அந்தப் பொன் பொன்னல்ல, இரும்பும் கந்தகமும் கலந்த கல். எடைக்கு எடை பார்த்தால் கந்தகம் கரியில் மூன்றில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. இரும்பு பேருக்கு எரிந்து சிவப்புச் சாம்பலாகக் கிடக்கும். கனமெல்லாம் அதனுடைய கனம்தான். தினமும் அடுத்தவர் கரியில் அளப்பதை என் வீட்டுக் கொட்டகையில் இருப்பதாக ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மா அடுக்கியது வேறு என்றே எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது.

சூடு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். நான் பயந்தது புகைக்குத்தான். நாலு பக்கமும் சுவர் வைத்த முற்றத்தில் அவ்வளவு கந்தகம் எரிந்தால், நல்ல நுரையீரல் உள்ளவனே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவான். அப்பாவுக்கு இரண்டு மூச்சு போதும், ஆஸ்பத்திரிதான்.

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"அப்பா, அந்தக் கரி வேணாம். கந்தகம் ஜாஸ்தி. வெளியூருலேந்து நல்ல கட்டி வாங்கிக்கலாம்."

"உங்கம்மா கைவெச்ச அடுக்கு அது."

"தெரியும்ப்பா. ஆனா தீயும் பலமா நிக்காது. அளந்து பாத்துட்டேன்."

"அளந்தியா?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "எங்க ரெண்டு பேரையும் அரைச்சுக் குண்டுல போட்டு அளந்தியா நீ? ஒவ்வொரு கட்டியும் இடுப்புல கட்டித் தூக்கிட்டு வந்தேன்டி. ஒவ்வொண்ணையும் அவ துடைச்சு வெச்சா."

"ஒங்களுக்கு ஆகாதுன்னுதானே சொல்றேன். அந்தப் புகையில எப்படி நிப்பீங்க?"

அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நான் நிக்கல," என்றார். "உள்ள ஒக்காந்து ஜன்னல் வழியாப் பாத்துக்கிறேன். அவ அடுக்கினது எரியணும். அவ்வளவுதான்."

இதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் கல்யாணத்தில் என் அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாராம். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் திறந்தேன். சுவர் மெல்லிய சுவர், கேட்டிருக்கும்.

லாவ் ஹாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தார். அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பையில் சின்னச் சுத்தியலும் உளியும் இருந்தன.

"எதுக்கு இது? என்னய ஒடைக்கவா?" என்றார் அப்பா.

"கரிய ஒடைக்க, மாமா."

"தொடப்படாது."

"சரி." அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அதைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "மாமா, அத்தை அந்தக் கட்டிய எல்லாம் எதுக்குச் சேத்தாங்க?"

"அதுல பொன்கண் இருந்துச்சு. அதுக்குத்தான்."

"தங்கம்னு சேத்தாங்க."

"ஆமா."

"தங்கத்த யாராச்சும் எரிப்பாங்களா மாமா? அத எடுத்து வெச்சுக்குவோம். கரிய மட்டும் எரிப்போம். ரெண்டுமே அத்தை சேத்ததுதானே?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். லாவ் ஹாவ் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தைகள் தொடர்ந்து வந்து நானே கேட்டதில்லை. வழுக்கைத் தலை வியர்த்திருந்தது.

"நீ முரட்டுத்தனமா அடிச்சுத் தூளாக்கிடுவ," என்றார் அப்பா கடைசியில்.

"நீங்க பக்கத்துல இருந்து திட்டுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறுகளிலும் வேலை விட்ட சாயங்காலங்களிலும் லாவ் ஹாவ் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கட்டிகளைப் பிளப்பார். அப்பா குழாயை நீளமாக இழுத்துக்கொண்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கதவோரம் நாற்காலியில் இருந்து திட்டுவார்.

"அங்க இல்லடா. வரி எந்தப் பக்கம் ஓடுது பாரு. கண்ணு எதுக்கு வெச்சிருக்க?"

"புள்ளி வெக்க," என்றேன் நான் உள்ளேயிருந்து.

பொன்கண்களை உளியால் நெம்பி எடுத்து, அம்மாவின் பழைய பூப்போட்ட எனாமல் தட்டில் போட்டார்கள். சில பட்டாணி அளவு, சில முட்டை அளவு. ஊசிபோல் மெல்லிசாக ஓடியவற்றை எடுக்க முடியாது, அப்படிப்பட்ட கட்டிகளை முழுசாக ஒதுக்கினார்கள். பிளந்து முடித்த கரியில் கொஞ்சம் நான் கூடத்துக்குக் கொண்டுபோவேன். கண்ணாடிக்கு வெளியே லாவ் ஹாவ் காட்டுவார். முதலில் மூன்று, கண், இரண்டு. இன்னும் போதாது என்று திரும்பப் பிளந்தார்கள். பிறகு ஒன்று, கண், எட்டு. அவர் எண் இறங்க இறங்க, என் எண் படிப்படியாக ஏறியது. ஒரு நாள் அவர் முஷ்டியை மூடி, கண்ணை மூடித் திறந்து, ஆட்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்துக் காட்டினார். பூஜ்யம் புள்ளி ஒன்பது. என் பக்கம் ஆறாயிரத்து இருநூறு வந்திருந்தது. நான் அதை விரலால் காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவரும் நெற்றியை வைத்தார். ஃபெங்சியன் பார்த்துவிட்டாள். அது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் மாதம், பனி பெய்து ஓய்ந்த ஒரு காலை கல்யாணம். முற்றம் நிறைய ஆட்கள். அடுக்களையில் பனிவரகு மாவுப் பணியாரம் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. உடைத்து ஒதுக்கியது போக மிச்சமிருந்த கரியில் கோபுரம் என் இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தது. மற்ற வீடுகளில் ஆள் உயரம், அதற்கு மேலும் கட்டியிருக்கிறார்கள்.

"மாப்பிள, இது கோபுரமா? ஒக்காந்திருக்கிற கோழி மாதிரி இருக்கே," என்றாள் ஃபெங்சியன்.

"முட்ட போடும், பொறு," என்றார் லாவ் ஹாவ். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தீ மூட்ட வேண்டியது பெரியவர் கை. அப்பா உள்ளே இருந்தார். தீக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் குழாயோடு வரவே கூடாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அப்பா, ஜன்னல் வழியாகவே பாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. எண் சொல்வது கூடத்துக்கு. முற்றத்தில் என்ன ஆகும் என்று எந்தக் குண்டும் எனக்குச் சொன்னதில்லை.

கதவு திறந்தது. நீலக் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அப்பா வந்தார். மூக்கில் குழாய் இல்லை, அது இருந்த தடம் மட்டும் கன்னத்தில் இருந்தது. லாவ் ஹாவ் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகவே அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா குனிந்து விறகில் தீ வைத்தார்.

விறகு படபடத்தது. புகை எழுந்தது. விறகுப் புகைதான் அது. பிறகு கட்டிகளின் இடுக்குகள் சிவந்தன, தீ கோபுரத்தின் மேல்வாயிலிருந்து நிமிர்ந்து எழுந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மூச்சை இழுத்தார். நான் சிவப்பு உடுப்பின் முனையைக் கசக்கிக்கொண்டு இருமலுக்குக் காத்திருந்தேன்.

இருமல் வரவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தார்.

"கோழி நல்லாத்தான் எரியுது," என்றார்.

முற்றமே சத்தம் போட்டது. நானும் லாவ் ஹாவும் தீயைச் சுற்றினோம். எனக்குப் பக்கத்தில் அப்பாவும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வந்தார். முகத்தில் அனல் அடித்தது. ஐயாயிரத்துக் கரியில் இப்படி அனல் அடிக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சுற்றி முடித்ததும் அப்பா என் கையை விட்டார். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிய பொன்கண். வெளிச்சத்தில் அது மினுங்கியது.

"அப்பா, வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு. அவளும் ஒரு சுத்து வரட்டும்."

தீயின் வாய்க்குள் அதைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த இடத்தில் சின்னதாக நீலச் சுடர் ஒன்று எழுந்தது. தீக்குச்சி கிழித்த வாசனை வந்தது. எங்கள் பழைய சமையலறை வந்தது. அம்மா அடுப்பின் முன் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தங்கத்தோட வாசனடி என்று சொன்னது வந்தது. அப்பா ஒரே ஒரு தரம் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால் என்று யாரும் சொல்லவில்லை.

தீக்கு அந்தப் பக்கம் லாவ் ஹாவ் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். முஷ்டி. கண். இரண்டு விரல். அந்த ஒரு பொன்கண்ணுக்கு மட்டும் பூஜ்யம் புள்ளி இரண்டு.

பழக்கதோஷத்தில் என் மனம் கழிக்கப் போனது. கந்தகமும் எரியும், அதுவும் கொஞ்சம் சூடு தரும், அந்தச் சூட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றுதான் இத்தனை வருடமும் கழித்திருக்கிறேன். அன்றைக்குக் கழிக்கவில்லை. அம்மாவின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு, அப்பாவை உள்ளே அழைத்துப்போய்க் குழாயை மாட்டிவிட்டேன்.